சாமத்தில் பூக்கிற பூக்களும் ஒரு பறங்கி வைத்தியரும்

ஒரு பூவுக்கு இத்தனை சொந்தக்காரர் இருப்பது எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுக்குத்தான். சிங்களவர் கடுப்புல் என்பார்கள். மலையாளிகளுக்கு அது நிசாகந்தி. தமிழ்நாட்டில் கேட்டால் பிரம்மகமலம். யப்பான்காரர் கெக்கா பிஜின் என்கிறார்கள், 'நிலவின் கீழ் அழகி' என்று அர்த்தமாம். நான் இருக்கிற சுவிசில் கோயினிகின் டெர் நாஹ்ட், இரவின் அரசி. எங்கட வீட்டில் மட்டும் அதற்கு எப்பவும் ஒரே பெயர்தான், சாமப்பூ.

உணவகத்துக் குசினியில் வேலை செய்கிறவனுக்கு ஏற்ற பூ இது. மற்றப் பூக்களெல்லாம் நான் நித்திரையில் இருக்கும்போது பூத்து, நான் வேலையில் நிற்கும்போது வாடிவிடும். இது இரவு எட்டு ஒன்பதுக்குப் பிறகு மெல்ல வாய் திறக்கும், நடுச்சாமத்தில் முழுசாக விரிந்து நிற்கும், விடியும்போது செத்த கோழியின் கழுத்து மாதிரித் தொங்கும். நான் பதினொன்றரைக்குப் பிறகு வீட்டுக்கு வர, சரியாக எனக்காகவே விரிந்த மாதிரி இருக்கும். பூக்கப் போகிற நாளைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அதுவரை கீழே தொங்கிக்கொண்டு இருந்த மொட்டு கழுத்தை வளைத்து மேலே நிமிரும். காலமையே வீங்கின மாதிரி இருக்கும். அண்டைக்கு இரவு நிச்சயம்.

சரி, விடயத்துக்கு வருவம். அண்மையில் ஒரு கலியாண வீட்டில் இந்தப் பூவைப் பற்றிக் கதை வந்தது. ஒருவர் இது இமயமலையில் பூக்கிற தெய்வீக மலர் என்றார். இன்னொருவர், இல்லை, இது இலங்கையின்ர பூ, சிங்களவன் எங்களிட்ட இருந்து எடுத்தது என்றார். இரண்டு பேரும் நல்ல உசாராகச் சண்டை பிடித்தார்கள். (உசாருக்குக் காரணம் மேசைக்குக் கீழே இருந்தது.) நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கப் போய், 2006 இல் ஏ9 பாதை மூடின பிறகு மூன்றாம் வருடத்தோடு விட்டவன். பட்டம் இல்லாதவன் சொன்னால் கலியாண வீட்டில் ஆர் கேட்பான்? அதால இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இமயமலைப் பிரம்மகமலம் வேறு. அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, உத்தராகண்ட் மாநிலத்தின் மலர். நாங்கள் சாடியில் வளர்க்கிறது ஒரு கள்ளி. எபிபில்லம் ஒக்சிபெட்டாலம் என்பது அதன் தாவரவியற் பெயர். ஊர் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே காட்டு மரங்களில் ஒட்டிக்கொண்டு வளரும். நாங்கள் இலை என்று சொல்லுகிறது இலையே இல்லை, தட்டையான தண்டு. அதனால்தான் மொட்டு 'இலை' ஓரத்தில் இருந்து வருகிறது.

கள்ளி இனம் முழுவதும் அமெரிக்காவுக்கு உரியது. பழைய உலகத்தில் இயற்கையாகவே இருந்தது ஒரேயொரு கள்ளிதான், ரிப்சாலிஸ் பக்சிபெரா என்பது. அது ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் உண்டு, பறவைகள் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அதன் பூ சின்ன விரல் நகமளவு. ஆக, கடுப்புல் எங்கட தீவுக்கு வந்தது கொலம்பஸ் 1492 இல் அமெரிக்காவுக்குப் போனதற்குப் பிறகுதான். அதற்கு முன் வர வழியே இல்லை.

ஆனால் சிங்களவரிடம் இருக்கிற கதை வேறு. கடுப்புல் பூக்கிற இரவில் நாகலோகத்தில் இருந்து நாகர்கள் வந்து அந்தப் பூவைச் சிவனொளிபாதத்தில் புத்தருக்குப் படைப்பார்கள் என்பது. நாகர் பூக்கொண்டு வருகிற கதை எங்களிடமும் இருக்கிறது. புளியந்தீவில் இருந்து ஒரு நாகம் வாயில் பூவோடு கடலை நீந்தி நயினாதீவு அம்மனுக்கு வைக்க வந்ததும், கருடன் மறித்ததும், ஒரு வணிகன் இடையில் புகுந்து நாகத்தைக் காப்பாற்றினதும் தீவுப்பகுதியில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே நயினாதீவைத்தான் மகாவம்சத்து நாகதீபம் என்று அவர்கள் சொல்லுகிறார்கள், இரண்டு நாக அரசர் மணியாசனத்துக்கு அடிபட்டபோது புத்தர் வந்து விலக்கின இடம். மணிமேகலையின் மணிபல்லவம் அதுதான் என்று எங்கட ஆட்களில் பலர். ஒரு சின்னத் தீவு, ஒரு கோயில், ஒரு விகாரை, இரண்டு பக்கமும் நாகம், இரண்டு பக்கமும் பூ. ஆர் முதல் வந்தது என்ற கேள்விக்காக நாங்கள் செத்த சாவு போதாதா?

நாகர் கதை பழையதாக இருக்கலாம். அவர்கள் கொண்டுவந்த பூ மெக்சிக்கோக் கள்ளியாக இருக்க முடியாது. பழைய கதையில் இருந்த ஏதோ ஒரு பூவின் இடத்தில் புதுசாக வந்த இந்த வெள்ளைப் பூ போய் இருந்துகொண்டது, அவ்வளவுதான். இப்படி நடக்கிறது புதுமையில்லை. சீனாவில் இதற்குத் தன்ஹுவா என்று பெயர். பௌத்த நூல்களில் எப்போதோ ஒருமுறை பூக்கிற அதிசயப் பூவாக உதும்பரம் வருகிறது, அந்தச் சொல்லின் சீனச் சுருக்கந்தான் தன். உதும்பரம் வேறொன்றுமில்லை, எங்கட அத்தி மரம். 'அத்தி பூத்தாப்போல' என்று நாங்கள் வீட்டுக்கு வராத சொந்தத்தைப் பார்த்துச் சொல்லுகிறோமே, அதே அத்தி. இந்தியாவில் இருந்து சீனாவுக்குச் சொல்லாகப் போன அத்திப்பூவின் பெயரை அங்கே ஒரு அமெரிக்கக் கள்ளி எடுத்துக்கொண்டது. இதை வாசித்த அன்று நான் வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன்.

எங்கட வீட்டுக்கு அந்தச் செடி வந்த கதைக்கு மெக்சிக்கோ எல்லாம் தேவையில்லை. அம்மாவின் ஊர் புங்குடுதீவு. புங்குடுதீவார் தெற்கில் கடை வைத்துப் பிழைத்தவர்கள் என்பது தெரிந்ததுதான். அம்மப்பாவுக்கு இரத்தினபுரிப் பக்கம் ஒரு சுருட்டுக்கடை. (சுருட்டின் புகையிலையும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். மிளகாய், மரவள்ளி, பப்பாசி, கொய்யா, அன்னமுன்னா, வேலியோரத்து நாகதாளி, எல்லாம் அங்கே இருந்துதான். இதுகளை எடுத்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் என்ன மிச்சம்? பனையும் ஒடியலும்.) பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள வாத்தியார். ஒரு வெசாக் இரவு அவர் வீட்டில் கடுப்புல் பூத்ததைப் பார்க்க அம்மப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மப்பாவின் பெட்டியில் கடதாசியில் சுத்தின ஒரு துண்டு. நடுகிற முன் நாலைந்து நாள் காய விடவேணும் என்பதால் பயணம் அதற்கு நல்லதாகவே போய்விட்டது.

புங்குடுதீவில் நல்ல தண்ணி எடுக்கிற பாடு சொல்லத் தேவையில்லை. பாதிக் கிணறு உவர். அம்மம்மா குடிக்கக் கொண்டுவந்த தண்ணியில் ஒரு சிரட்டை அந்தச் செடிக்குப் போகும். அதற்காகவே சண்டை வருமாம்.

1977 ஆவணியில் கடையை உடைத்துக் கொளுத்தினார்கள். அம்மப்பா பின்வளவால் ஓடி வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். வாத்தியார் திறக்கவில்லை. அம்மப்பா அந்த வளவிலேயே கோழிக்கூட்டுக்குப் பின்னால் இரவு முழுக்க இருந்திருக்கிறார். வந்தவர்கள் வாத்தியாரைக் கேட்டபோது அவர் ஒருத்தரும் வரவில்லை என்று சொன்னது அம்மப்பாவுக்குக் கேட்டது. ஆள் அங்கே இருப்பது வாத்தியாருக்குத் தெரியும். கதவும் திறக்கவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை. நான் இதைப் பல தரம் யோசித்திருக்கிறேன், அவரை எந்தப் பக்கத்தில் எழுதுகிறது என்று.

அம்மம்மாவுக்கு அந்த யோசனை இருக்கவில்லை. அம்மப்பா உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்த கிழமை, செடியைப் பிடுங்கி வேலிப்பக்கம் எறிந்துவிட்டா. அம்மப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். எறிந்த துண்டு பூவரசின் நிழலில் கிடந்து, மாரி மழைக்கு வேர் விட்டது. ஒரு நாள் அம்மப்பா அதுக்கு ஒரு கொட்டன் நட்டுக் கட்டிவிட்டிருந்ததை அம்மா கண்டாவாம். அதற்குப் பிறகு அம்மம்மாவும் கைவைக்கவில்லை. தண்ணியும் ஊற்றவில்லை. நான் பிறந்து விவரம் தெரிந்தபோது அது வேலியடியில் ஒரு பற்றை.

1991 இல் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போக, நாங்கள் குடாநாட்டுக்கு வந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒரு பால்மாப் பேணியில் ஒரு துண்டு நட்டுக்கொண்டு வந்தா. 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அந்தப் பேணி வாடகை வீட்டுக் கிணத்தடியில் நின்றுவிட்டது. 1996 சித்திரையில் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஓடுமில்லை கதவுமில்லை, பேணி கறள் பிடித்து அடி விட்டுப் போயிருந்தது, செடி உயிரோடு நின்றது. அதன் இரகசியத்தைப் பிறகு பல்கலைக்கழகத்தில் படித்தேன். கள்ளி இனங்கள் பகலில் இலைவாய்களை மூடி வைத்திருக்கும். தண்ணி ஆவியாகாது. இரவில்தான் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகலில் வெளிச்சம் வந்ததும் அதை வைத்துச் சமைக்கும். ஊரடங்குக் காலத்தில் நாங்கள் செய்ததற்கு நேர் எதிர்.

ஊரடங்கு என்றதும் ஒன்று. 1998 என்று நினைக்கிறேன், செடி இரண்டு பூ பூத்த இரவு, அம்மா கைவிளக்கோடு கிணத்தடியில் நிற்க ரோந்து வந்த ஆமிக்காரர் படலையைத் தட்டினார்கள். சாமத்தில் வெளிச்சம் ஏன் என்ற விசாரணை. அப்பா வாயடைத்துப் போனார். அம்மாதான் பூவைக் காட்டி, அம்மப்பாவிடம் கேட்ட ஒரே சிங்களச் சொல்லைச் சொன்னா, கடுப்புல். ஒரு சின்னப் பெடியன், மீசை கூட ஒழுங்காக இல்லை, கிட்ட வந்து பார்த்தான். ஏதோ கேட்டான். அம்மா ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தா. துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். கும்பிட்டானோ மணந்து பார்த்தானோ தெரியாது, இருட்டு. போய்விட்டார்கள். "நல்ல பெடியன் போல" என்று அப்பா சொல்ல, "பூ இல்லாட்டி?" என்று அம்மா கேட்டா. பிறகு எங்கட வீட்டில் சாமத்தில் விளக்கோடு ஒருவரும் வெளியே போகவில்லை. பல பூ ஒருவரும் பார்க்காமலே வாடினது.

இனி மற்றப் பூ. அம்மாவுக்கு உண்மையான கவலை இந்தக் கள்ளியைப் பற்றி இல்லை, புங்குடுதீவு வளவில் விட்டுவந்த பவளமல்லியைப் பற்றி. அது மரம், பேணியில் வராது. பின்னேரம் மொட்டு அவிழும், இரவெல்லாம் மணக்கும், விடிய முன்னம் எல்லாம் கொட்டிவிடும். நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பார்கள், பவளமல்லிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அம்மம்மா இரவு கழுவின சாக்கை விரித்துவிட்டுப் படுப்பா. நாலரை மணிக்கு நாங்கள் பேரப்பிள்ளைகள் பொறுக்கப் போகவேணும். பொறுக்கின கையில் மஞ்சள் ஒட்டியிருக்கும்.

இது எங்கட மண்ணின் மரம்தான், சந்தேகமில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வருகிற பூப்பட்டியலில் சேடல் என்று இருப்பது பவளமல்லி என்கிறார்கள். அதே பட்டியலில் நள்ளிருள்நாறி என்றும் ஒரு பூ உண்டு, இருவாட்சி என்று பொருள் கொள்ளுவார்கள். நடு இருட்டில் மணக்கிறது. நிசாகந்தி என்ற வடமொழிப் பெயரும் கிட்டத்தட்ட அதே பொருள்தான், ஆனால் தமிழ்ச் சொல் எவ்வளவு நல்லாயிருக்கு பாருங்கள். சீர்காழியிலும் திருக்களரிலும் தலமரமே பவளமல்லிதான்.

இந்த மரத்தைப் பற்றி ஐரோப்பியருக்கு அச்சில் எழுதிச் சொன்னவர்களில் முந்தினவர் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கேய வைத்தியர். 1563 இல் கோவாவில் அச்சான அவருடைய மூலிகை நூல் இரண்டு பேர் கதைக்கிற மாதிரி எழுதப்பட்டது. அதில் இந்த மரத்துக்கென்று ஒரு உரையாடல் இருக்கிறது. 'சோக மரம்' என்கிறார். காரணமாக இந்த நாட்டவர் சொன்ன கதையையும் எழுதுகிறார். பாரிசாதன் என்ற ஒரு பெரிய பிரபுவின் மகள் சூரியனைக் காதலித்தாள், சூரியன் அவளைக் கைவிட்டு வேறொருத்தியிடம் போனான், அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள், எரித்த சாம்பலில் இருந்து இந்த மரம் முளைத்தது, அதனால்தான் பூக்களுக்குச் சூரியனைப் பார்க்கப் பிடிக்காது. லின்னேயஸ் 1753 இல் பெயர் வைத்தபோதும் அந்தச் சோகத்தை விடவில்லை. நிக்தாந்தஸ் ஆர்போர் திரிஸ்திஸ். முதற்சொல் இரவுப்பூ, மிச்சம் சோக மரம்.

பறங்கி என்றால் எங்களுக்கு நல்லூர்க் கோயிலை 1621 இல் இடித்தவன்தான் நினைவுக்கு வருவான். ஆனால் இந்த ஓர்த்தாவின் கதையை வாசித்தால் ஆள் எங்கட ஆள் போல இருக்கிறது. தாய் தகப்பன் யூதர். 1492 இல் ஸ்பெயின் யூதரைத் துரத்தியபோது போர்த்துக்கல்லுக்கு ஓடி வந்தவர்கள். அங்கே 1497 இல் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கினார்கள். மகன் படித்து வைத்தியனாகி லிஸ்பனில் படிப்பித்தும் இருக்கிறார். ஆனால் மதவிசாரணை வரப்போகிறது என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. 1534 இல் கோவாவுக்குக் கப்பலேறினார். பிறகு தாயையும் சகோதரிகளையும் கூப்பிட்டு எடுத்தார். (ஸ்பொன்சர் செய்த எங்கட அண்ணன்மாரை நினைத்துப் பாருங்கள்.) முப்பது வருடம் இந்திய மரஞ்செடிகளைப் பார்த்து, இந்து வைத்தியரையும் முஸ்லிம் வைத்தியரையும் கேட்டு எழுதினார்.

மதவிசாரணை 1560 இல் கோவாவுக்கும் வந்து சேர்ந்தது. ஓர்த்தா 1568 இல் இறக்கும்வரை அவரில் கைவைக்கவில்லை. செத்த பிறகுதான் தொடங்கினார்கள். சகோதரி கத்தரீனாவை 1569 இல் உயிரோடு எரித்தார்கள். 1580 இல் ஓர்த்தாவின் எலும்புகளைப் புதைகுழியில் இருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். பன்னிரண்டு வருடம் மண்ணுக்குள் கிடந்த ஒருவரை. எங்கட துயிலுமில்லங்களை உழுதபோது உலகத்தில் இப்படியும் நடக்குமா என்று நாங்கள் கேட்டோம். நடந்திருக்கிறது. அந்த மனுசனின் கல்லறை இல்லை, ஆனால் சோக மரத்துக் கதை அவர் எழுதினபடியால் இருக்கிறது.

பவளமல்லிக் காம்பின் செம்மஞ்சள் நிறம் பற்றி ஒரு சின்ன விடயம். முந்திப் பட்டுக்கும் பிக்குகளின் துணிக்கும் அதில் சாயம் எடுத்தார்கள். அந்த நிறத்தைக் கொடுக்கிற பொருள் குரோசெட்டின் வகையைச் சேர்ந்தது. குங்குமப்பூவின் நிறமும் அதே வகைதான். குசினியில் மிலானோ ரிசொட்டோவுக்கு நான் போடுகிற குங்குமப்பூ ஒரு கிராம் என்ன விலை என்று சமையல்காரருக்குத் தெரியும், முதலாளி எண்ணித்தான் தருவார். நாங்கள் அதே மஞ்சளைச் சாக்கில் விரித்து எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டு மிச்சத்தைக் கூட்டித் தள்ளினோம்.

புங்குடுதீவு வளவுக்கு ஒரு மச்சான் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். சுவர் பாதி, உள்ளே ஆலங்கன்று, வளவெல்லாம் பற்றை. பவளமல்லி நின்ற மூலையில் இப்ப என்ன நிற்கிறது என்று படத்தில் தெரியவில்லை. அம்மா படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தா. "அந்த மூலையில பச்சையா ஏதோ தெரியுது" என்றா. பச்சையாகத் தெரிகிறது எல்லா இடமும்தான். நான் சொல்லவில்லை.

என்னிடம் இப்போது இருக்கிற சாமப்பூ அந்தப் பேணிச் செடியின் துண்டு இல்லை. எங்கட குசினியில் கோப்பை கழுவுகிற போர்த்துக்கல்காரர் தந்தது. அம்மாவுக்குச் சொன்னபோது, "பறங்கியிட்டயே வாங்கினனீ?" என்று சிரித்தா. கோடையில் இங்கே பன்னிரண்டு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் விடிய மூன்றரை. அம்மா எப்படியும் எழும்புகிற நேரம் அதுதான். வட்ஸ்அப்பில் கைபேசியைப் பூவுக்குக் கிட்டப் பிடிப்பேன். மணம்தான் போகாது. மெக்சிக்கோ, ஓர்த்தா, தன்ஹுவா எல்லாம் நான் விளக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க இருந்தோ வரட்டும், ஐயா இரத்தினபுரியால கொண்டந்தது" என்றா. பிறகு, "அந்த வாத்தியார்ர வீட்டில இன்னும் நிக்குமோ?" என்று கேட்டா.

இந்த முறை மூன்று மொட்டு நிற்கிறது. வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: துண்டை நாலைந்து நாள் நிழலில் காய விட்டு நடுங்கோ. காலமை வெயில் போதும், மத்தியான வெயில் வேண்டாம். குளிர்காலத்தில் பல்கனியில் விட்டால் செத்துவிடும், வீட்டுக்குள்ளே எடுத்துத் தண்ணியைக் குறையுங்கோ. பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். பேர்ன் பக்கம் இருக்கிறவர்கள் வந்தால் துண்டு தருவேன், பின்னேரத்தில் வராதீங்கோ, வேலையில் நிற்பேன். பன்னிரண்டுக்குப் பிறகு எப்ப வந்தாலும் முழித்திருப்பேன்.